அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாகப் படிக்க வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

இன்று டிசம்பர் 3. ஐ.நா. சபை 1992-ல் அறிவித்த உலக மாற்றுத்திறனாளிகள் தினம். காலையிலிருந்து என் வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சக்கர நாற்காலி, நாலு ரோஜாப்பூ, மேலே ஒரு பொன்மொழி. நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் இத்தனை வருஷம் டீச்சராக இருந்தவளுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

நம் எல்லாருடைய சொந்தத்திலும் ஒரு வீடாவது அப்படி இருக்கும். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன், ஆட்டிசம் உள்ள ஒரு பெண், கண் தெரியாத ஒரு சித்தப்பா, விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன ஒரு தம்பி. அந்தப் பையனுக்கு ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும்? எந்த மாத்திரை எத்தனை மணிக்கு? பசித்தால் எப்படிச் சொல்வான்? எப்படித் தூக்கினால் வலிக்காது? அவனுடைய அம்மாவைத் தவிர இன்னொரு ஆளுக்கு இது தெரியுமா?

பெரும்பாலான வீடுகளில் தெரியாது என்பதுதான் பதில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 11 லட்சத்து 80 ஆயிரம். அன்றைக்குச் சட்டம் கணக்கில் எடுத்த குறைபாடுகள் 7 வகைதான். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 வகையாக்கியது. எனவே உண்மையான எண்ணிக்கை இன்னும் அதிகம். இந்த லட்சக்கணக்கான வீடுகளில் பாதுகாப்பு என்றால் என்ன? பெரும்பாலும் இரண்டே பொருள்தான். ஒன்று, அம்மா. இரண்டு, பூட்டு.

இந்த இரண்டையும் நம்பி ஒரு உயிரை வைத்திருப்பது பாதுகாப்பே இல்லை என்பதுதான் என் கருத்து. குறைந்தது இன்னொரு ஆளுக்காவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது தாளில் இருக்க வேண்டும். அதை அந்த ஆள் கையால் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். வாங்கி மாட்டுகிற கருவி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒரு வீடு. மகனுக்கு 24 வயது. மூளை முடக்குவாதம். அம்மாதான் எல்லாம். அந்த அம்மாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஓடி வந்தார்கள். குறை சொல்ல முடியாது, லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். பையனுக்குப் பசிக்குமே என்று படுக்க வைத்தபடியே ரசம் சாதம் ஊட்டினார்கள். அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கியது. நிமோனியா. அம்மா வீடு திரும்பிய நாளில் மகன் ஐ.சி.யு.வில் இருந்தான்.

பிழைத்து வந்துவிட்டான். ஆனால் அந்த அம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஆறு நாளைக்கே இப்படின்னா, நான் செத்துட்டா இவன் எத்தனை நாள் இருப்பான் டீச்சர்?"

இதில் யாரைக் குற்றம் சொல்வது? வந்தவர்கள் அன்பாகத்தான் ஊட்டினார்கள். 24 வருஷமாக அந்த வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு "பாவம்" என்று சொல்லிப் போனவர்கள் யாரும், "எப்படி ஊட்டணும், ஒருநாள் நான் ஊட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டதில்லை. அம்மாவும் யாரையும் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்ததில்லை. "அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பது அவர் நினைப்பு. இரண்டு பக்கமும் நல்ல மனதுதான். நடுவில் பையன் மாட்டிக்கொண்டான்.

இனி பூட்டுக்கு வருகிறேன்.

ரேஷன் கடைக்குப் போக வேண்டும், மருந்து வாங்க வேண்டும். ஓடிப் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாய்மாரை நான் திட்ட மாட்டேன். அவர்களுக்கு நாம் வேறு வழி எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் பூட்டு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். ஓடிப் போய்விடக் கூடாது என்று போட்ட சங்கிலி, தீ வந்தபோதும் ஓட விடவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் சட்டம் வந்து நம் வீட்டு வெளித்தாழ்ப்பாளைத் திறந்துவிடப் போவதில்லை. அதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

தவிர்க்கவே முடியாமல் பூட்டிவிட்டுப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். இன்னொரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டரிலேயே அணைத்துவிடுங்கள். "நான் வர அரை மணி நேரம் ஆகும், சத்தம் கேட்டால் பாருங்கள்" என்று ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஓடிப் போகிற பழக்கம் உள்ள பிள்ளைக்குப் பூட்டைவிடத் தெருவுக்குத் தெரிந்திருப்பதுதான் காவல். கேட்டில் ஒரு மணி கட்டுங்கள், திறந்தால் சத்தம் வரும். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பெட்டிக்கடை, கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா, இந்த நாலு இடத்தில் பிள்ளையை ஒருமுறை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். "இவன் தனியா போறதப் பாத்தா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, பயந்துடுவான். பக்கத்துலயே நின்னுகிட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லி வையுங்கள். கையில் ஒரு காப்பு, அதில் போன் நம்பர். காணோம் என்று தெரிந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதீர்கள். முதலில் கிணறு, குளம், வாய்க்கால் பக்கம் ஓடுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஓர் ஈர்ப்பு. முடிந்தால் நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

இதைச் சொன்னால் உடனே ஓர் எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்விதான். "டீச்சர், எங்க வீட்டுல இப்படி ஒரு பொண்ணு இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னா, கெட்ட எண்ணம் உள்ளவனுக்கும் தெரிஞ்சு போயிடாதா?"

2018-ல் சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காது சரியாகக் கேட்காத 11 வயதுச் சிறுமி. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் காவலாளி. அந்தக் குடியிருப்பில் வேலை பார்த்தவர்களே பல மாதங்கள் அந்தக் குழந்தையைச் சீரழித்தார்கள். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. குழந்தை தன் அக்காவிடம் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. கேட், காவலாளி எல்லாம் இருந்தும் நடந்தது. நிறுத்தியது, அவள் மனம் திறந்து சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான்.

கெடுதல் செய்கிறவன் பெரும்பாலும் அந்நியன் இல்லை. தெரிந்தவன், தினம் வந்து போகிறவன். அவன் நம்பியிருப்பது ஒன்றே ஒன்றை: இந்தப் பிள்ளை சொல்லாது, சொன்னாலும் யாருக்கும் புரியாது. அந்தத் தைரியத்தை உடைக்க, பிள்ளை சொல்வது புரிகிற ஆட்கள் அதிகமாக வேண்டும். உடல் உறுப்புகளின் பெயரைப் பேச்சிலோ சைகையிலோ படத்திலோ கற்றுக்கொடுங்கள். "வேண்டாம்" என்பதற்கு ஒரு தெளிவான சைகை இருக்கட்டும். பிள்ளை வேண்டாம் என்று காட்டினால் வீட்டில் நாமும் நிறுத்த வேண்டும். இன்னொரு முட்டை வேண்டாம் என்று சொல்வதையே மதிக்காத வீட்டில், மற்றதற்கு எப்படி வேண்டாம் சொல்லும்? குளிப்பாட்ட, உடை மாற்ற உதவுவது யார் யார் என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். அந்த ஆட்களைத் தவிர வேறு யாரும் கூடாது.

அப்புறம் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம் என்று 2016 சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது. வீட்டார்தான் சொல்ல வேண்டும் என்பது இல்லை. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின்படி வாக்குமூலம் வாங்கும்போது சிறப்பாசிரியர் உதவியைக் கேட்கலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஹோம்வொர்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தாள். ஒரே ஒரு பக்கம். அம்மா சொல்லச் சொல்ல, வீட்டில் படிக்கிற பிள்ளை யாராவது எழுதட்டும். பெயர், வயது, ரத்த வகை, குறைபாடு என்ன, அடையாள அட்டை எண். சாப்பிடும் மாத்திரைகள், அளவு, நேரம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. எப்படிப் பேசுவார், வலித்தால் எப்படித் தெரியும், பாத்ரூம் வந்தால் என்ன செய்வார். எதைக் கண்டால் பயப்படுவார், எதனால் அமைதியாவார். எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது. கடைசியில் மூன்று போன் நம்பர். அம்மா, அப்பா தவிர மூன்றாவதாக ஒரு நம்பர் எழுத முடியவில்லை என்றால், பிரச்சினை எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும்.

இதை ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று, அவருடைய பையில் ஒன்று, உங்கள் போனில் ஒரு போட்டோ என்று வையுங்கள். ஸ்மார்ட்போனில் அவசர மருத்துவ விவரங்களைப் பதிந்து வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டியிருக்கும் போனிலும் அதைத் திறந்து பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் இந்தத் தாளைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நூறு பேர் இருக்கும் குரூப்பில் போட வேண்டிய விஷயம் இல்லை இது.

அடுத்தது, அந்தத் தாளைப் பார்த்துப் பழகுவது. "அம்மா இல்லாத நாலு மணி நேரம்" என்று மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அத்தையோ மாமாவோ வந்து பார்த்துக்கொள்ளட்டும். அம்மா கோயிலுக்குப் போகட்டும், தங்கை வீட்டுக்குப் போகட்டும், சும்மா போய்த் தூங்கட்டும். முதல் தடவை தடுமாறும். பிள்ளை அழும். அம்மா பத்து தடவை போன் பண்ணுவார். மூன்றாவது மாதம் சரியாகிவிடும். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ராத்திரியில் தடுமாறுவதைவிட, ஞாயிற்றுக்கிழமை மதியம் தடுமாறுவது எவ்வளவோ மேல்.

பழக வேண்டியவற்றில் சில எல்லா வீட்டுக்கும் பொது. அவற்றை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஃபிட்ஸ் வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயில் ஸ்பூன், துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருளை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ உடனே 108. முழுதாகத் தெளியும்வரை தண்ணீர் கூடக் கொடுக்கக் கூடாது. ஃபிட்ஸ் உள்ளவர் குளிக்கும்போது கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் போடக் கூடாது.

உணர்வு இல்லாத கால் சுட்டாலும் சொல்லாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், கடைசியில் நம் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் அவர் மேல் ஊற்ற வேண்டும். சுடச்சுட டிபன் பாக்ஸை மடியில் வைக்காதீர்கள். வண்டி சைலன்சரில் கால் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது, பின்னால் உட்கார வைத்தவர்தான் பார்க்க வேண்டும். படுக்கையிலேயே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். முதுகு, இடுப்பு, குதிகாலைத் தினம் பாருங்கள். ஓர் இடம் சிவந்து, சிவப்பு மறையாமல் நின்றால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். காற்று மெத்தை இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கரண்ட் போனால் பலவற்றில் காற்றும் போய்விடும்.

கண் தெரியாதவர் வீட்டில் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவு நெற்றியைப் பிளந்துவிடும். சாமான்களை இடம் மாற்றினால் சொல்லிவிடுங்கள். காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவு மாத்திரைக்கு இரண்டு. இவ்வளவுதான், இதற்குக் காசு எதுவும் ஆகாது.

காது கேட்காதவருக்கு குக்கர் விசிலும் கேட்காது, "தீ! தீ!" என்ற கூச்சலும் கேட்காது. அழைப்பு மணியோடு ஒரு விளக்கை இணைக்க எந்த எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். அதிர்ந்து எழுப்பும் அலாரம் கிடைக்கிறது, இல்லாவிட்டால் தலையணைக்கு அடியில் வைப்ரேஷனில் வைத்த போனே போதும். ராத்திரியில் ஏதாவது நடந்தால் ஓடிப்போய்த் தட்டி எழுப்ப வேண்டியது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பார்த்துக்கொள்கிறவரின் உடம்பும் பாதுகாப்பில் சேர்த்திதான். குனிந்து, இடுப்பை வளைத்துத் தூக்கித் தூக்கி முதுகு போன அம்மாக்களை எனக்கு நிறையத் தெரியும். முழங்காலை மடக்கி, அவரை உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். படுக்கையில் மேலே இழுக்க வேண்டும் என்றால் ஒரு போர்வையை மடித்து முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் போட்டு, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் பிடியுங்கள். அந்த இரண்டாவது ஆள் இல்லாததால்தான் பல அம்மாக்கள் தனியாக இழுத்து இழுத்து டிஸ்க் நகர்ந்து படுத்துவிடுகிறார்கள். அதோடு, தன்னுடைய சுகர், பிரஷர் மாத்திரையை அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று யாராவது கேளுங்கள். அவர் ஆயுள்தான் அந்தப் பிள்ளையின் ஆயுளாக இருக்கிறது.

அடுத்து மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் பெய்தது நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அப்படித் தண்ணீர் ஏறும்போது நாம் மாடிக்கு ஓடிவிடுவோம். படுக்கையில் இருப்பவரை யார் தூக்குவது, எதில் வைத்துத் தூக்குவது? சக்கர நாற்காலி மாடிப்படி ஏறாது. நல்ல கெட்டியான பெட்ஷீட், நாலு ஆள். அந்த நாலு பேர் யார் என்பது அக்டோபர் மாதமே தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கைவசம் இருக்கட்டும். ஆக்சிஜன் மெஷின், சளி உறிஞ்சும் மெஷின் வைத்திருப்பவர்கள், கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓடும், அதன் பிறகு எங்கே போவது என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

எல்லாவற்றையும் சொந்தக்காரர்கள் தலையில் கட்டிவிட்டு அரசாங்கத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. உங்கள் வீட்டுப் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா? கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள். பத்து வீடு சேர்ந்து கேட்டால் பதில் வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். வருகிறவர்கள் தூக்குவதையும் ஊட்டுவதையும் அந்த வீட்டில் அம்மாவோடு இன்னும் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு விதி வந்தால், அது எத்தனை உயிரைக் காக்கும்! விழா மேடையில் மூன்று சக்கர வண்டி கொடுத்துப் படம் எடுப்பதைவிட இது பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

"எனக்குப் பிறகு யார்?" என்ற கேள்விக்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளைக்கு 18 வயது முடிந்தால், தாய் தகப்பனே ஆனாலும், சட்டப்படி பாதுகாவலராக இருக்க விண்ணப்பிக்க வேண்டும். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.

என் மாணவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. உங்களில் கொத்தனார் இருக்கிறீர்கள், இன்ஜினியர் இருக்கிறீர்கள், எலக்ட்ரீஷியன், ஆட்டோ டிரைவர், நர்ஸ், போலீஸ் என்று எல்லாரும் இருக்கிறீர்கள். கட்டிட வேலை செய்கிறவர்களே, பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. 90 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் சக்கர நாற்காலி நுழையும். சாய்தளம் என்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் அது சறுக்கு மரம். டவல் மாட்டும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. பிடித்து எழுந்திருக்கும் கம்பியைச் சுவரில் நன்றாக போல்ட் போட்டு முடுக்குங்கள். வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அவருக்கும் ஒருநாள் வயதாகும்.

ஆட்டோ ஓட்டுகிறவர்களே, உங்கள் ஸ்டாண்டைச் சுற்றி எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த வீட்டில் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நர்ஸ் பிள்ளைகளே, டிஸ்சார்ஜ் பண்ணும்போது அம்மாவுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்காமல், கூட வந்த சித்தப்பாவையும் கூப்பிட்டுச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

உறவுகளே, உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். கல்யாணத்துக்கு வந்தால் "இவனை ஏன் கூட்டிட்டு வந்தே, வீட்டுல விட்டுட்டு வந்திருக்கலாமே" என்று கேட்காதீர்கள். யாரிடம் விட்டுவிட்டு வருவார்? நீங்கள் கேட்கிற அந்தக் கேள்விதான் அவர்களை மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளே தள்ளுகிறது. வெளியே வராத பிள்ளையை யாருக்கும் தெரியாது. தெரியாத பிள்ளைக்கு ஆபத்து வந்தாலும் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறீர்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், எல்லாம் சரி. அதோடு இரண்டு மணி நேரமும் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது என்று கற்றுக்கொள்ளுங்கள்.

அம்மாக்களே, உங்களுக்கும் ஒன்று. "என்னைத் தவிர யாராலும் இவனைப் பார்த்துக்க முடியாது" என்று சொல்கிறீர்கள். அதில் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வார்த்தை உண்மையாகவே இருந்துவிட்டால், நீங்கள் காய்ச்சலில் படுக்கிற முதல் நாளே உங்கள் பிள்ளைக்கு ஆபத்து. மற்றவர்கள் உங்கள் அளவுக்குச் செய்ய மாட்டார்கள், பாதிதான் செய்வார்கள். அந்தப் பாதியைச் செய்யவாவது அவர்களை விடுங்கள். உதவி கேட்பது கடன் வாங்குவது மாதிரி இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்வீர்களா? உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ அப்படி ஒரு வீட்டுக்குப் போங்கள். போவதற்கு முன் போன் பண்ணிக் கேளுங்கள். ஒரு பேனாவும் தாளும் எடுத்துப் போங்கள். "நான் இவனுக்கு இரண்டாவது ஆளா இருக்கேன், என்ன தெரிஞ்சுக்கணும் சொல்லுங்க" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைக்குப் புரிந்துகொள்ள முடியும் என்றால் முதலில் அவனிடமே கேளுங்கள். அவனைப் பற்றி அவன் தலைக்கு மேலே பேச வேண்டாம்.

கீழே கருத்தில் "அருமை டீச்சர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், சிறப்பாசிரியராக இருக்கிற பிள்ளைகள், நான் எழுதியதில் விட்டுப்போனதைச் சேர்த்து எழுதுங்கள். இப்படி ஒரு வீட்டில் இருப்பவர்கள், உங்களுக்கு எது கைகொடுத்தது என்று சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயர், படம், முகவரி எதையும் கருத்தில் போடாதீர்கள். தேவைப்பட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்